வெளிச்சத்தை யார் முகத்தில் அளப்பது?

‘கேமராவுக்குச் சாதி கிடையாது. அது கண்ணாடியும் இரும்பும். எதிரில் நிற்பதை அப்படியே பிடிக்கும்.’ சினிமாவில் சாதி என்று பேச்செடுத்தால் கடைசியாக வந்து நிற்கிற வாதம் இது. கதையில் சாதி இருக்கலாம், வசனத்தில் இருக்கலாம், நாயகனின் மீசையில் இருக்கலாம் என்று நம் முற்போக்கு விமர்சகர்கள் ஒருவழியாக ஒத்துக்கொண்டு விட்டார்கள். ஒளிப்பதிவு என்றதும் குரல் மாறிவிடுகிறது. அது தொழில்நுட்பமாம், அங்கே வந்து அரசியல் பேசக் கூடாதாம். விமர்சனத்தின் கடைசிப் பத்தியில் ‘ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள்.

யார் கண்ணுக்குக் குளிர்ச்சி? இந்தக் கேள்வியை நாம் இன்னும் ஒழுங்காகக் கேட்கவில்லை. இயக்குநர் நாற்காலி யாருடையது என்று கேட்டிருக்கிறோம். கதை யாருடையது என்று கேட்டிருக்கிறோம். கேமராவுக்குப் பின்னால் லைட் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர் என்ன செய்கிறார், அந்தத் திறமை எதை வைத்து உண்டானது என்று கேட்டதில்லை. ஒளிப்பதிவாளர் ஒரு நாளில் எடுக்கிற நூறு முடிவுகளும், ஃபிரேம், ஃபோகஸ், வெளிச்சம், நிறம் எல்லாமே, யாரை முழு மனிதராகக் காட்டுவது என்கிற முடிவுகள்தான் என்பது என் வாதம். அந்த முடிவுகள் நம் முகத்தை அளவாக வைத்து எடுக்கப்பட்டதில்லை.

ஒரு செல்போன் படம்

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் புவனகிரி ஒன்றியத்துத் தெற்குத் திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு போட்டோ வெளியே வந்தது. ஊராட்சி மன்றக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர், ஆதிதிராவிடப் பெண், தரையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் படம் ஊரெல்லாம் பரவிய பிறகுதான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வந்தது, கைது வந்தது. மனு எழுதியிருந்தால் தாசில்தார் மேசையில் தூங்கியிருக்கும்.

தொழில்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். விளக்கு கிடையாது, லென்ஸ் கிடையாது. ஆனால் ஒன்று அதில் சரியாக இருந்தது. நாற்காலியும் தரையும் ஒரே ஃபிரேமுக்குள் இருந்தன. கைபேசியைக் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால் நாலு பேர் கூடிப் பேசுகிற சாதாரணக் கூட்டம். கொஞ்சம் கிட்டப் போய் எடுத்திருந்தால் ஒரு பெண் களைத்துப் போய்த் தரையில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து நின்றதால்தான் அது சாதியின் படமானது.

ஒளிப்பதிவாளரின் முதல் வேலை இதுதான். எதை உள்ளே வைப்பது, எதை வெளியே தள்ளுவது. ஊரையும் சேரியையும் பிரித்துக் கோடு போட்டவனுக்கு இந்தக் கலை நன்றாகத் தெரியும். நம் கிராமத்துப் படங்களை நினைத்துப் பாருங்கள். பண்ணையார் திண்ணையில், முகத்தில் தெளிவான ஃபோகஸ். பண்ணையாள் என்றால் ஃபிரேமின் ஓரத்தில் கும்பிட்ட இரண்டு கை, வளைந்த முதுகு, மங்கலான தலை. ஷாட்டுக்கு முன் ஃபோகஸ் புல்லர் லென்ஸிலிருந்து நடிகரின் கண்வரைக்கும் டேப் பிடித்து அளப்பார். அந்த டேப் எத்தனை தடவை பின்வரிசை ஆளின் கண்ணுக்குப் போயிருக்கிறது? ‘அது கதைக்குத் தேவையில்லைங்க’ என்பார்கள். சரிதான். அப்போது தீர்மானித்தது கதை. கேமராவுக்குச் சாதி கிடையாது என்று ஏன் சொன்னீர்கள்?

லைட் மீட்டரும் வெள்ளை வேட்டியும்

தொழில்நுட்பம் என்கிறார்களே, தொழில்நுட்பத்துக்குள்ளேயே போவோம்.

லைட் மீட்டரில் ஒரு வகை, பொருளின் மேல் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தை அளக்கும். அதற்கு உலகமே ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம். எதிரில் இருப்பது பதினெட்டு சதவீத வெளிச்சத்தைத் திருப்புகிற சாம்பல் அட்டை என்று வைத்துக்கொண்டு அது கணக்குச் சொல்லும். வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கிற கறுத்த மனிதரை அதன் எதிரில் நிறுத்துங்கள். மீட்டர் வேட்டியைப் பார்த்து ‘வெளிச்சம் ஜாஸ்தி, லென்ஸை மூடு’ என்கும். மூடினால் வேட்டி அழகாக வரும், முகம் கரிக்கட்டையாகிவிடும். முகத்தைப் பார்த்து அளந்தால் ‘வெளிச்சம் பத்தலை, திற’ என்கும். திறந்தால் வேட்டி வெளுத்துப் போகும், முகம் சாம்பல் பூசினதுபோல வரும். இரண்டிலும் அந்த மனிதர் இல்லை. கருவி தானாக அவரைப் பார்க்காது. கருவி சொல்வதை அப்படியே கேட்காத ஒரு கை வேண்டும். அதற்குப் பெயர்தான் திறமை.

அந்தத் திறமையில் மாயம் எதுவும் இல்லை. கறுத்த தோல் வெளிச்சத்தைக் குடிக்கிறது என்று சொல்வது பாதி உண்மை. அது வெளிச்சத்தைப் பளபளப்பாகத் திருப்பியும் தருகிறது. கன்னத்து எலும்பில், நெற்றி மேட்டில், மூக்குத் தண்டில் அது எப்படி மினுங்குகிறது என்பதைக் கரும்பு வெட்டிவிட்டு வருகிற பெண்களைச் சாயங்கால வெயிலில் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அகலமான, மென்மையான வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து கொடுத்தால் அந்த மினுக்கம் முகத்தைச் செதுக்கிக் காட்டும். அமெரிக்காவில் ‘மூன்லைட்’ (2016) எடுத்தவர்கள் கறுப்பு நடிகர்களின் தோலில் பவுடரை ஒற்றாமல் எண்ணெய் தடவி அந்த மினுக்கத்தைக் கொண்டுவந்தார்கள். ஸ்பைக் லீயோடு வேலை பார்த்த ஒளிப்பதிவாளர் எர்னஸ்ட் டிக்கர்சன் அதற்கு முப்பது வருசத்துக்கு முன்னாலேயே கறுப்பு முகங்களுக்கு எப்படி விளக்கு வைப்பது என்பதையே தன் படிப்பாக ஆக்கிக்கொண்டார். எண்ணெய் தடவின முகம் நமக்குப் புதுசா? எங்க ஆயா சொல்லும்: ‘எண்ணெ வெச்சி மூஞ்சிய கழுவு, அப்பத்தான் மனுசி மாதிரி இருப்ப.’ அது ஒளிப்பதிவுப் பாடம் என்று அதற்குத் தெரியாது. நம் சினிமாக்காரர்களுக்கும் தெரியவில்லை.

இரண்டு பேர் இருக்கிற காட்சியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சிவந்த நாயகி, கறுத்த வேலைக்காரி. வெளிச்சம் நாயகியின் கன்னத்தில் அளக்கப்படும். அந்த அளவுக்கு லென்ஸ் வைக்கப்படும். வேலைக்காரியின் முகம் இரண்டு ஸ்டாப் கீழே போய் இருட்டில் கரையும். இரண்டு பேருக்கும் முகம் வேண்டும் என்றால் வேலைக்காரிக்குத் தனியாக ஒரு விளக்கு வைக்க வேண்டும். ஒரு விளக்கு, ஒரு ஸ்டாண்டு, பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்தில்தான் இருக்கிறது தமிழ் சினிமாவின் சாதி.

மேசை நாற்காலிக்குக் கிடைத்த நீதி

இது நம் ஊர்க்காரர்களின் அலட்சியம் மட்டுமில்லை. ஃபிலிமுக்குள்ளேயே இது ஊறியிருந்தது.

கோடக் கம்பெனி தன் கலர் ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஓர் அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். முதலில் அப்படிப் படத்துக்கு நின்ற பெண்ணின் பெயர் ஷெர்லி என்பதால் ‘ஷெர்லி அட்டை’ என்றே பெயராயிற்று. அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. 1950களிலிருந்து பல பத்து வருசம் உலகத்தின் தோலுக்கெல்லாம் அந்த ஒரு தோல்தான் அளவுகோல். கறுப்புக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் சேர்ந்து உட்கார்ந்த பள்ளிக்கூடப் படத்தில் கறுப்புக் குழந்தைகளுக்குக் கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தது.

அது எப்படி மாறியது என்பதைக் கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். கம்பெனியை அசைத்ததில் இரண்டு கூட்டத்துக்குப் பெரிய பங்கு. மரச்சாமான் விற்கிறவர்கள், தேக்குக்கும் கருங்காலிக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். சாக்லெட் விற்கிறவர்கள், கறுப்புச் சாக்லெட்டும் பால் சாக்லெட்டும் ஒரே மாதிரி இருக்கிறது என்றார்கள். கம்பெனி காது கொடுத்துக் கேட்டது. மனுசன் மூஞ்சி தெரியலன்னப்ப அசையாதவன் நாற்காலி நெறம் தெரியலன்னதும் ஃபிலிமையே மாத்துறான்! அறிவியலுக்குச் சாதி இல்லை, இனம் இல்லை என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

எதிர்த்தவர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் கறுப்பு மக்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்குப் படமெடுக்கப் போலராய்டு கேமராக்கள் பயன்பட்டன. 1970இல் அந்தக் கம்பெனியின் கறுப்புத் தொழிலாளிகளே அமெரிக்காவில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். 1977இல் போலராய்டு தென்னாப்பிரிக்காவிலிருந்து வெளியேறியது. கேமராவைச் செய்தவர்களே கேமராவின் அரசியலைக் கேட்டார்கள். கோடம்பாக்கத்தில் அந்தக் கேள்வி இன்னும் வரவில்லை. வந்ததெல்லாம் ‘ஸ்கின் டோன் நல்லா வந்திருக்கு சார்’ என்கிற பாராட்டு.

இப்போது ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தாயிற்று. கலரிஸ்ட் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாக ஏற்றலாம், இறக்கலாம். கருவிமீது பழி போட வழியில்லை. இன்னும் முகம் கரைகிறது என்றால் அது விரலின் வேலை.

ஜன்னல் இல்லாத வீட்டுக்கு என்ன வெளிச்சம்?

இந்திய ஒளிப்பதிவின் பெருமைகளில் ஒன்று சுப்ரதா மித்ரா. ‘பதேர் பாஞ்சாலி’ (1955) எடுக்கும்வரை அவர் மூவி கேமராவைத் தொட்டதில்லை. அடுத்து வந்த ‘அபராஜிதோ’வுக்காக (1956) பனாரஸ் வீடு ஒன்றை ஸ்டூடியோவில் கட்டினார்கள். நடுவில் முற்றம் வைத்த வீடு. முற்றத்து வெளிச்சம் வானத்திலிருந்து நிழலில்லாமல் மெதுவாக இறங்கும். ஸ்டூடியோ விளக்கு அப்படி விழாது. மித்ரா என்ன செய்தார்? மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கை அதில் அடித்து, திரும்பி இறங்குகிற வெளிச்சத்தில் படம் எடுத்தார். ‘பவுன்ஸ் லைட்டிங்’ என்று இன்றைக்கும் பாடம் நடத்துகிறார்கள். அவர் மேதை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கவனியுங்கள். அந்தக் கதையில் அது ஒரு பார்ப்பனப் புரோகிதர் குடியிருக்கும் வீடு. அந்த வீட்டின் வெளிச்சத்தை அவ்வளவு மரியாதையோடு பார்த்ததால்தான் ஒரு புதுத் தொழில்நுட்பமே பிறந்தது.

தமிழில் பாலு மகேந்திரா இருந்தார். ‘அழியாத கோலங்கள்’ (1979), ‘மூன்றாம் பிறை’ (1982), ‘வீடு’ (1988). இருக்கிற வெளிச்சத்தை வைத்து எடுப்பதில் அவரிடம் பாடம் படிக்காதவர்கள் குறைவு. ஜன்னலோரத்து முகம் என்றாலே அவர் பெயர்தான் நினைவுக்கு வரும். அவரிடம் எனக்குச் சண்டை இல்லை. அவரைப் பின்பற்றி ‘இயற்கை ஒளி’ என்று ஜெபிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜன்னல் இருக்கிற வீட்டுக்குத்தானே ஐயா ஜன்னல் வெளிச்சம்?

கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் சேரிக் குடிசைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குனிந்து நுழைகிற வாசல் ஒன்றுதான் திறப்பு. வெயில் வாசல் மண்ணில் விழுந்து, அங்கிருந்து கீழேயிருந்து மேலாக உள்ளே வரும். மோவாயில், மூக்கின் அடியில், உட்கார்ந்திருக்கிறவரின் முழங்காலில் முதலில் படும். கூரை ஓட்டை வழியாகக் காசுகாசாக நாலு பொட்டு விழும். அடுப்பு எரிந்தால் புகையில் அது கம்பிகம்பியாகத் தெரியும். இது ஒரு முழு வெளிச்ச முறை. பாடப்புத்தகத்துக் கீ லைட் மேலேயிருந்து நாற்பத்தைந்து டிகிரியில் வரும். எங்கள் வீட்டுக் கீ லைட் தரையிலிருந்து வரும். கேமராக்காரர்கள் வந்தால் கூரையைப் பிரித்து மேலே விளக்குக் கட்டுகிறார்கள். வெளிச்சம் விழுந்துவிடும். வீடு போய்விடும். 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் கடலூரின் கூரைகளைப் பிரித்தபோதும் உள்ளே வெளிச்சம் வந்ததுதான்!

புரோகிதர் வீட்டு முற்றத்துக்கு ஒரு தொழில்நுட்பம் பிறந்தது போல, குடிசை வாசலின் மண்வெளிச்சத்துக்கு ஒரு தொழில்நுட்பம் வேண்டும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்து வளர்ந்த கண் வேண்டும்.

இருட்டு இரண்டு வகை

‘உங்களுக்கு எல்லோரையும் பளிச்சென்று காட்ட வேண்டுமா? இருட்டும் அழகுதானே’ என்று ஒரு நண்பர் கேட்டார். நான் வெளிச்சத்தின் அளவைப் பற்றிப் பேசவில்லை.

‘நாயகன்’ (1987) படத்துக்காக பி.சி. ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது. தகுதியான விருதுதான். அந்தப் படத்தின் இருட்டு ஒரு மனிதனைப் பெரிய ஆளாக்குகிறது. முகம் பாதி மறைந்தாலும் அவன் என்ன நினைக்கிறான் என்று நாம் துடிக்கிறோம். ஹாலிவுட்டில் ‘காட்ஃபாதர்’ (1972) படத்துக்கு கார்டன் வில்லிஸ் வைத்த இருட்டும் இப்படித்தான். கண் தெரியாவிட்டாலும் அதிகாரம் தெரிந்தது. இது கண்ணியத்தின் இருட்டு. சேரிக்கு வந்தால் இருட்டுக்கு வேறு வேலை. அங்கே அது பயம், திருட்டு, குடி, சாவு. நீலமும் பச்சையும் கலந்த ஒரு நோய் வெளிச்சத்தை ஊற்றி ‘யதார்த்தம்’ என்று பெயர் வைக்கிறார்கள். எங்க தெருவில் பகல் பன்னிரண்டு மணி வராதா? கல்யாணத்துக்குச் சீரியல் பல்பு எரியாதா?

இன்னொன்றும் இருக்கிறது, சாயம். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். நம் மாவட்டம். அவர் மனைவி வருசக்கணக்காக நீதிமன்றத்தில் நின்றார். அதுதான் ‘ஜெய் பீம்’ (2021) ஆயிற்று. அந்தப் படம் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லாக்கப்பைக் கொண்டுபோய் வைத்தது, அதை மறுக்க மாட்டேன். குறவராக இருந்த குடும்பம் படத்தில் இருளராக மாறியது பற்றி மற்றவர்கள் பேசியிருக்கிறார்கள். நான் முகத்தைப் பற்றிக் கேட்கிறேன். கேரளத்திலிருந்து வந்த நல்ல நடிகை ஒருவருக்குக் கறுப்புச் சாயம் ஏற்றித்தான் அந்தப் பெண்ணைக் காட்ட வேண்டியிருந்ததா? சாயம் பூசின முகத்துக்கு வெளிச்சம் வைப்பது கேமராமேனுக்குச் சுலபம். உள்ளே இருப்பது பழகின முகம். கறுத்த முகம் வேண்டும், கறுத்த மனுசி வேண்டாம். இருபத்தோராம் நூற்றாண்டில், நம் பக்கம் நின்று எடுத்த படத்திலேயே இந்த நிலைமை.

சிதம்பரத்துக்காரிக்கு இது புதிதில்லை. நந்தனை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய கதையில் ஆதனூர்ப் புலையன் தில்லைக்கு வருகிறான். அப்படியே உள்ளே போக முடியவில்லை. தீயில் இறங்க வேண்டியிருக்கிறது. வெளியே வருகிறபோது மார்பில் வெள்ளைப் பூணூல், தலையில் சடைமுடி, முனிவர் வடிவம். அந்த உடம்பைத்தான் கோயில் பார்க்கச் சம்மதித்தது. தமிழில் நம் உடம்பின்மேல் போட்ட முதல் லைட்டிங் அதுதான் என்பேன். எரித்து, நிறம் மாற்றி, பிறகு காட்டு. சினிமா வந்ததும் 1935இல் நந்தனாராகக் கே.பி. சுந்தராம்பாள் நடித்தார், அந்தக் காலத்தில் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். 1942இல் ஜெமினியின் ‘நந்தனார்’ படத்தில் ஓதுவார் மரபில் வந்த தண்டபாணி தேசிகர். இரண்டு பேரின் பாட்டும் பெரிய பாட்டு. ஆனால் ஆதனூர்ச் சேரியின் முகம் ஒன்றுகூட நந்தனாக வெளிச்சத்தில் நிற்கவில்லை. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தா நந்தன் பெயரில் கல்விக் கழகம் தொடங்கினார். அவர் எரிந்த நந்தனை விட்டுவிட்டு படிக்கிற நந்தனை எடுத்துக்கொண்டார். சினிமா இன்னும் தீக்குழியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

டிஷ்ஷைக் கழட்டு

நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். சில வருசங்களுக்கு முன் கடலூர் பக்கத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிற காலனிக்கு ஒரு படப்பிடிப்புக் குழு வந்தது. எந்தக் கம்பெனி, யார் படம் என்பது இங்கே முக்கியமில்லை. தொகுப்பு வீடுகளுக்கு வாங்கலில் கடன் வாங்கி அடித்த பச்சைப் பெயின்டும் ரோஸ் பெயின்டும் ‘ஃபிரேமில் உறுத்துது’ என்று சாக்குத் துணி தொங்கவிட்டார்கள். டிஷ் ஆன்டெனாவைக் கழட்டச் சொன்னார்கள். டயரைக் கொளுத்திப் புகை போட்டார்கள். ஒரு வீட்டு வாசலில் துளசிச் செடி இருந்தது. ‘சேரியில துளசி இருக்குமா? எடுங்க’ என்று ஒரு உதவியாளர் எடுத்து ஓரமாக வைத்தார். அந்த வீட்டு அம்மா கேட்டது: ‘ஏம்பா, எங்க வூட்டுல இன்னா இருக்கும்னு எங்களுக்குத் தெரியாதா, ஒனக்குத் தெரியுமா?’

கூட்டத்தில் நிற்க நம் பெண்களைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் நிறமாக இருந்த இரண்டு பேரை முன்னால் இழுத்தார்கள். மற்றவர்கள் பின்னால். ‘லைட் பத்தாது’ என்று காரணம். அந்த இடத்தில் ஜென்செட் வண்டி உறுமிக்கொண்டிருந்தது, ஒரு தெருவையே பகலாக்குகிற விளக்குகள் நின்றுகொண்டிருந்தன. வெளிச்சத்துக்கு என்ன பஞ்சம்?

‘லைட் பத்தாது’ என்கிற வார்த்தையை நான் அதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது படம் எடுக்கப் போன ஸ்டூடியோவில் பவுடர் டப்பாவை நீட்டிச் சொன்னார்கள்: ‘உங்க கலருக்கு லைட் பத்தாதும்மா. கம்ப்யூட்டர்ல ரெண்டு ஷேடு ஏத்திடலாம்.’ ஏற்ற வேண்டாம் என்றேன். ‘அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லக் கூடாது’ என்றார்கள். ஸ்டூடியோவிலிருந்து கோடம்பாக்கம் வரைக்கும் பேச்சு ஒன்றுதான். குறை விளக்கில் இல்லையாம், நம் தோலில் இருக்கிறதாம்.

கையில் எடுக்க வேண்டியது

நம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: ‘இப்போ எல்லார் கையிலும் செல்போன் இருக்கு. கேமரா ஜனநாயகமாயிடுச்சி. இதுக்கு மேல இன்னா?’ செல்போன் செய்ததை நான் குறைத்துப் பேசவில்லை. தெற்குத் திட்டையில் அது பேசியது. 2022 பிப்ரவரியில் சிதம்பரம் கோயிலில் கனகசபையில் ஏறிக் கும்பிடப் போன தலித் பெண்ணைத் தடுத்தபோது அந்த வீடியோ வெளியே வந்தது, தீட்சிதர்கள்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. ‘நதியின் மரணம்’ படம் 1999 தாமிரபரணியின் பதினேழு சாவுகளை மறக்க விடவில்லை. அமுதனின் ‘பீ’ (2003), திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017), நம் நாட்டின் மலத்தை நம் முகத்துக்கு நேராகக் காட்டின. சாட்சிக்குக் கேமரா வந்துவிட்டது.

ஆனால் சாட்சியாக மட்டுமே நாம் எத்தனை நாள் நிற்பது? அடிபடும்போதும் எரியும்போதும் மட்டும் படத்தில் வருகிற சனமா நாம்? உண்மை அறியும் குழுவோடு எரிந்த வீடுகளுக்குள் போயிருக்கிறேன். கரி பிடித்த சுவர், கறுத்த முகம், வெளியே உச்சி வெயில். செல்போன் வாசலின் வெயிலைப் பார்த்துத் தானே கணக்குப் போட்டு, பேசுகிற கிழவியின் முகத்தை அழித்துவிடும். அவரை வாசலைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்து, நாம் வாசலுக்கு முதுகு காட்டி நின்று, திரையில் அவர் முகத்தை விரலால் தொட்டு வெளிச்சத்தை அங்கே பூட்ட வேண்டும். முகம் வந்துவிடும். இவ்வளவுதான் வித்தை. எம்.ஏ. தமிழ் படித்த எனக்கே கைவந்த வித்தை. இதைத் தெரிந்துகொண்டால் வாக்குமூலத்துக்கு முகம் கிடைக்கிறது. நன்றாகத் தெரிந்துகொண்டால் சினிமா கிடைக்கும்.

கற்றுக்கொள்ள எங்கே போவது என்பதுதான் சிக்கல். தமிழின் முதல் மௌனப்படத்தை எடுத்த நடராஜ முதலியார் மோட்டார் சாமான் வியாபாரி. பூனாவுக்குப் போய் ஸ்டூவர்ட் ஸ்மித் என்கிற வெள்ளைக்காரரிடம் கேமராவைக் கற்றுக்கொண்டார். அறிமுகமும் வசதியும் இருந்தவருக்குக் கதவு திறந்தது. ‘சின்ன வீடு’ (1985) மூலம் ஒளிப்பதிவாளரான பி.ஆர். விஜயலட்சுமி, பெண்ணால் முடியாது என்றவர்களின் வாயை அடைத்தார். அவர் இயக்குநர் பி.ஆர். பந்துலுவின் மகள். அவர் உழைப்பைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. சினிமா பேசுகிற வீட்டில் பிறந்தும் அவ்வளவு போராட வேண்டியிருந்தது என்றால், புவனகிரி காலனியிலிருந்து போகிற பெண்ணுக்கு? தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில் இடஒதுக்கீட்டில் நுழையலாம். வெளியே வந்ததும் ஒரு கேமராமேனிடம் உதவியாளராகச் சேர வேண்டும். அதற்கு இடஒதுக்கீடு இல்லை. யாரோ ஒருவரின் தம்பி, யாரோ ஒருவரின் ஊர்க்காரன் என்கிற பழைய வழிதான். பல வருசம் பேட்டா காசில் சென்னையில் வாடகை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து காசு வராதவன் மூன்றாம் மாசம் ஊருக்கு பஸ் ஏறிவிடுவான்.

ஆகவே, அழுது முடித்துக்கொள்ளாமல், கேட்க வேண்டியதைக் கேட்போம். ஒளிப்பதிவாளர் சங்கமும் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமும் உதவியாளர் இடங்களைத் திறந்து அறிவிக்கட்டும், பயிற்சிக் காலத்துக்கு வாழ்கிற சம்பளம் வைக்கட்டும். ஆதிதிராவிடர் நலத்துறை தையல் மெஷினோடு நிற்காமல் கேமராவுக்கும் லென்ஸுக்கும் கடன் கொடுக்கட்டும். திரைப்படக் கல்லூரி, கறுத்த தோலுக்கு வெளிச்சம் வைப்பதை முதல் வருசப் பாடமாக வைக்கட்டும். இந்த நாட்டில் பெரும்பாலானவர்களின் தோல் அது. விமர்சகர்கள் ‘கண்ணுக்குக் குளிர்ச்சி’யை நிறுத்திவிட்டு, பின்வரிசையில் நிற்கிறவருக்குக் கண் தெரிந்ததா என்று பார்த்து எழுதட்டும்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நம் இயக்கங்கள் பேச்சாளர் பயிற்சி நடத்துகின்றன, சட்டப் பயிற்சி நடத்துகின்றன. ஒளிப்பதிவுப் பயிற்சியும் நடத்த வேண்டும். சிதம்பரத்திலோ கடலூரிலோ பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு கேமரா, ஒரு வெள்ளைத் துணி, ஒரு தெர்மாகோல் பலகை வைத்துத் தொடங்கலாம். முதல் பாடத்துக்கு நட்சத்திரம் வேண்டாம், கிராபிக்ஸ் வேண்டாம். அவரவர் அம்மாவை அவரவர் வீட்டு வாசலில் உட்காரவைத்து, வெளிச்சத்தை அந்த முகத்தில் அளக்கச் சொல்லுங்கள்.